இடரின் வரலாற்றை எழுதிய பொருளியல் அறிஞர்



நாளை மழை பெய்யுமா, பெய்யாதா என்பது நமக்குத் தெரியாது. ஆனால், குடையை எடுத்துச் செல்வதா வேண்டாமா என்பதை வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். மனித வாழ்க்கையில் பெரும்பாலான முடிவுகள் இப்படிப்பட்டவைதாம். பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது, சேமித்த பணத்தை எதில் போடுவது, இருக்கும் வேலையை விட்டுப் புது வேலைக்குப் போவதா என்று எதை எடுத்துக்கொண்டாலும் முடிவு இன்று, விளைவு நாளை. இவ்விரண்டுக்கும் இடையே இருக்கிற இருட்டைத்தான் பேச்சு வழக்கில் 'ரிஸ்க்' என்கிறோம். நல்ல தமிழில் இதனை 'இடர்' என்று சொல்லலாம்.

மன்னர்களுக்கு வரலாறு உண்டு. போர்களுக்கு வரலாறு உண்டு. இடருக்கு வரலாறு உண்டா? உண்டு என்று காட்டியவர் பீட்டர் பெர்ன்ஸ்டைன் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர். அவருடைய வாழ்க்கையையும், அவர் எழுதிய வரலாற்றையும் இன்றைய உரையில் காண்போம்.

பெர்ன்ஸ்டைன் 1919-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தார். 1929-இல் அந்நகரின் பங்குச் சந்தை சரிந்து விழுந்தபோது அவருக்குப் பத்து வயது. அதைத் தொடர்ந்து வந்த பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில்தான் அவருடைய இளமைப் பருவம் கழிந்தது. 1940-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் பட்டம் பெற்றார். பொருளியல் அறிஞர்களின் வரலாற்றை எழுதிப் பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற ராபர்ட் ஹைல்புரோனர் அவருடைய இளமைக்கால நண்பர். இருவரும் சேர்ந்து அரசாங்கச் செலவு பற்றிப் பொதுமக்களுக்கு விளக்கும் நூலொன்றை 1963-இல் எழுதினார்கள்.

படிப்பு முடிந்ததும் பெர்ன்ஸ்டைன் நியூயார்க் மத்திய சேம வங்கியின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரில் விமானப் படை அதிகாரியாக இருந்தார். போருக்குப் பின் கல்லூரியில் பாடம் நடத்தினார். வங்கி ஒன்றிலும் வேலை பார்த்தார். 1951-இல் தந்தையார் காலமானதால், அவர் நடத்திவந்த முதலீட்டு ஆலோசனை நிறுவனத்தின் பொறுப்பு மகன்மேல் விழுந்தது. அதுவரை ஏட்டில் படித்த பொருளியல் இப்போது பிறருடைய பணமாகக் கண்முன் நின்றது. அந்தப் பணம் யாரோ ஒருவர் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த முதுமைக்காலச் சேமிப்பு. ஒரு முடிவு தவறினால் ஒரு குடும்பமே தடுமாறும். இடர் என்றால் என்ன என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடாமல் பற்றிக்கொண்டதற்கு இதுவே காரணம் எனலாம்.

அந்த அலுவலகத்தில் அவர் கற்ற பாடம் ஒன்றைப் பிற்காலத்தில் பல இடங்களில் எழுதியிருக்கிறார். நிறுவனங்களின் பங்குகளை வாங்கினால் ஆண்டுதோறும் இலாப ஈவு கிடைக்கும். அரசாங்கக் கடன்பத்திரம் வாங்கினால் வட்டி கிடைக்கும். பங்கில் இடர் அதிகம். ஆகவே அதில் வருமானமும் அதிகமாக இருக்க வேண்டும் என்பது அந்நாளைய நம்பிக்கை. பல பத்தாண்டுகளாக நிலைமையும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்து வந்தது. 1950-களின் இறுதியில் அது தலைகீழாக மாறியது. பங்கின் ஈவு, கடன்பத்திரத்தின் வட்டியைவிடக் கீழே இறங்கியது. பெர்ன்ஸ்டைனுடன் பணியாற்றிய மூத்தவர்கள் 1929-ஐ நேரில் பார்த்தவர்கள். இது நிலைக்காது, விரைவில் பழைய ஒழுங்குக்கே திரும்பிவிடும் என்று அவர்கள் உறுதியாகச் சொன்னார்கள்.

அது எப்போது திரும்பியது தெரியுமா? 2008-ஆம் ஆண்டின் இறுதியில், உலக நிதி நெருக்கடியின்போதுதான் திரும்பியது. ஐம்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன! மூத்தவர்களிடம் அனுபவம் குறைவாக இல்லை. நீண்ட காலமாக நடந்து வந்த ஒன்று இனியும் நடந்தே தீரும் என்று எண்ணியதுதான் அவர்கள் இடறிய இடம். நேற்றைய நாளை நன்கு அறிந்தவன் நாளையையும் அறிந்தவன் ஆகிவிடுவதில்லை என்ற பாடம் பெர்ன்ஸ்டைனின் எழுத்து முழுவதிலும் அடிச்சரடாக ஓடுகிறது.

1960-களின் பிற்பகுதியில் அந்த நிறுவனம் வேறு கைக்கு மாறியது. 1973-இல் பெர்ன்ஸ்டைன் தம் பெயரிலேயே ஓர் ஆலோசனை நிலையம் தொடங்கி, பெரிய முதலீட்டாளர்களுக்குப் பொருளாதார மடல் எழுதி அனுப்பலானார். அவர் தொடங்கிய வேளையோ கடுமையானது. 1973 சனவரியிலிருந்து 1974 டிசம்பருக்குள் நியூயார்க் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஏறத்தாழ 45 விழுக்காடு வீழ்ந்தது. அதுவரை பிறர் பணத்தை நிர்வகித்தவர்களில் பலர், எந்தப் பங்கு ஏறும் என்று ஊகிப்பதையே தங்கள் திறமையாக நினைத்திருந்தார்கள். ஊகம் பொய்த்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டவர்கள் சிலரே.

அந்தக் கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. ஹாரி மார்க்கோவிட்ஸ் என்னும் இளைஞர் 1952-இலேயே அதை ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டிருந்தார். பல பங்குகளைச் சேர்த்து வைக்கும்போது, அவை ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குபவையா, ஒன்று இறங்கும்போது மற்றொன்று தாங்கிப் பிடிக்குமா என்று பார்க்க வேண்டும் என்பதே அதன் கருத்து. எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைக்காதே என்று பாட்டிமார் சொன்னதற்குக் கணக்கு வடிவம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், பல்கலைக்கழகத்தில் பிறந்த அந்தக் கருத்து பங்குச் சந்தைக்கு வந்து சேர நெடுங்காலம் ஆனது. அந்த இடைவெளியை நிரப்பவே பெர்ன்ஸ்டைன் 1974-இல் முதலீட்டு நிர்வாகத்துக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கி அதன் முதல் ஆசிரியரானார். பேராசிரியர்களும் சந்தையில் வேலை செய்பவர்களும் ஒரே ஏட்டில் சந்தித்துக்கொண்டனர். மார்க்கோவிட்ஸுக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கருத்துகள் எப்படித் தோன்றின என்ற கதையைப் பெர்ன்ஸ்டைன் 1992-இல் 'கேப்பிடல் ஐடியாஸ்' என்ற நூலாக எழுதினார். அப்போது அவருக்கு வயது 73.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1996-இல், அவருக்கு உலகப் புகழ் தேடித் தந்த நூல் வெளிவந்தது. அதன் பெயர் 'அகேன்ஸ்ட் தி காட்ஸ்'. 'தெய்வங்களை எதிர்த்து' என்று பொருள். இறைமறுப்பு நூலோ என்று ஐயுற வேண்டாம். நாளை நடப்பதெல்லாம் தெய்வங்களின் விளையாட்டு, மனிதன் வாய்மூடி ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான் என்று பண்டைய கிரேக்கர் முதலானோர் நம்பியிருந்தார்கள். அந்த எண்ணத்தை எதிர்த்து நின்று, நாளையை எண்ணிப் பார்க்கத் துணிந்தவர்களின் கதை அது. 'ரிஸ்க்' என்ற ஆங்கிலச் சொல்லைத் துணிதல் என்று பொருள்படும் பழைய இத்தாலியச் சொல்லோடு அவர் தொடர்புபடுத்துகிறார். இடர் என்பது நம் தலையில் எழுதப்பட்டது என்று கொள்வதைவிட, நாம் தெரிந்து மேற்கொள்வது என்று கொள்ள வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

அந்த வரலாற்றின் சில படிகளை இனிப் பார்ப்போம்.

முதற்படி நம் முன்னோர் நாட்டிலிருந்து போனது. பண்டைய கிரேக்கர் வடிவக் கணிதத்தில் வல்லவர்கள்; சூதாட்டத்திலும் விருப்பமுள்ளவர்கள். ஆனாலும், வாய்ப்பைக் கணக்கிடும் கலை அவர்களிடம் வளரவில்லை. எழுத்துகளையே எண்களாகப் பயன்படுத்தியதால் பெரிய கணக்குகளை எளிதாகப் போட முடியாமற்போனதை இதற்கொரு காரணமாகப் பெர்ன்ஸ்டைன் காட்டுகிறார். பூச்சியம் உள்ளிட்ட பத்து இலக்கங்களைக் கொண்ட எண்முறை இந்தியாவில் தோன்றி, அராபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. இத்தாலியரான ஃபிபனாச்சி 1202-இல் எழுதிய கணக்கு நூல் அதைப் பரப்பியது. அந்த எண்கள் இல்லாமல் இடர் பற்றிய கணக்கே இல்லை.

அடுத்த படி 1654-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் நிகழ்ந்தது. பாஸ்கல், ஃபெர்மா என்னும் இரு கணித மேதைகள் ஒரு பழைய புதிரைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். வகுப்பில் கணக்குப் போடுவதுபோல் நாமும் அதைப் போட்டுப் பார்ப்போம். இருவர் ஆளுக்கு 32 பொற்காசுகள் வைத்து விளையாடுகிறார்கள். மொத்தம் 64 காசுகள். முதலில் மூன்று ஆட்டங்களில் வெல்பவருக்கே முழுத்தொகையும். முதலாமவர் இரண்டு ஆட்டங்களிலும், மற்றவர் ஓர் ஆட்டத்திலும் வென்ற நிலையில் விளையாட்டு நின்றுவிடுகிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது?

அடுத்த ஆட்டத்தில் முதலாமவர் வென்றால் 64 காசுகளும் அவருக்கே. தோற்றால் இருவரும் சமநிலை, ஆளுக்கு 32. எனவே, வென்றாலும் தோற்றாலும் முதலாமவருக்கு 32 காசுகள் உறுதி. எஞ்சிய 32 காசுகளுக்கு இருவருக்கும் சம வாய்ப்பு. ஆகவே அதில் பாதியான 16 காசுகள் அவருக்குச் சேரும். அவருக்கு 48, மற்றவருக்கு 16 என்பதே நேர்மையான பங்கீடு. நடக்காத ஓர் ஆட்டத்துக்கு மனிதன் விலை போட்டுவிட்டான் பார்த்தீர்களா!

அதன்பின் இந்தக் கணக்கு சூதாட்ட மேசையை விட்டு வெளியே வந்தது. 1662-இல் ஜான் கிராண்ட் என்ற இலண்டன் துணி வணிகர், அந்நகரின் இறப்புப் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பதைக் காட்டும் பட்டியலை எட்மண்ட் ஹாலி 1693-இல் வெளியிட்டார். வால் நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே ஹாலிதான். அப்போது இங்கிலாந்து அரசாங்கம் ஆண்டுதோறும் பணம் தரும் வாழ்நாள் பத்திரங்களை, வாங்குபவரின் வயதைப் பாராமல் ஒரே விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. இளையவருக்கும் முதியவருக்கும் ஒரே விலை என்றால் அது சரியான கணக்காகுமா? இலண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவர் நடத்திய காப்பிக்கடையில் கப்பல்காரர்களும் வணிகர்களும் கூடினார்கள். கடலுக்குப் போகும் கப்பலின் இடரில் இவ்வளவு எனக்கு என்று பத்திரத்தின் அடியில் கையெழுத்திட்டுப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவனை மூழ்கடிக்கும் நட்டத்தைப் பலர் சேர்ந்து தாங்கும் காப்புறுதித் தொழில் இவ்வாறெல்லாம் வளர்ந்தது.

1738-இல் டேனியல் பெர்னூலி என்னும் அறிஞர் மனிதனின் மனத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்தார். நூறு வெள்ளி ஏழைக்கும் நூறு வெள்ளிதான், செல்வனுக்கும் நூறு வெள்ளிதான். ஆனால், அது இருவர் வாழ்க்கையிலும் ஒரே மாற்றத்தைச் செய்யுமா? கையில் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு ஒவ்வொரு காசும் பெரிதாகிறது. ஆகவே, ஒரே இடர் இருவருக்கு ஒரே அளவாக இருப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் எச்சரிக்கைக் குரல்கள் எழுந்தன. 1921-இல் அமெரிக்கரான ஃபிராங்க் நைட், அளந்து சொல்லக்கூடிய இடர் வேறு, அளக்கவே முடியாத நிச்சயமின்மை வேறு என்று பிரித்துக் காட்டினார். பகடையில் ஆறு விழும் வாய்ப்பைச் சொல்லிவிடலாம். பத்து ஆண்டுகளுக்குப் பின் போர் வருமா என்பதை எந்த எண்ணால் சொல்வது? அதே ஆண்டில் இங்கிலாந்தின் கீன்ஸும் நிகழ்தகவு பற்றிய தம் நூலை வெளியிட்டார்.

இங்கே பெர்ன்ஸ்டைன் எடுத்துச் சொல்லும் சுவையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற கென்னத் ஆரோ, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப் படையின் வானிலைப் பிரிவில் பணியாற்றினார். ஒரு மாதத்துக்கு முன்னதாகவே வானிலையைக் கணித்துச் சொல்லும் வேலை அங்கே நடந்தது. அந்தக் கணிப்புகளைச் சோதித்துப் பார்த்தபோது, சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சொல்வதைவிட அவை மேலானவை அல்ல என்று தெரிந்தது. இந்த வேலையை நிறுத்திவிடலாமே என்று மேலிடத்துக்கு எழுதினார்கள். கணிப்புகள் பயனற்றவை என்பது தளபதிக்கு நன்றாகத் தெரியும், ஆயினும் திட்டமிடுவதற்கு அவை அவருக்குத் தேவை என்று பதில் வந்ததாம்! சிரிப்பு வருகிறது, ஆனால் நாமும் அப்படித்தானே? பொய்யென்று தெரிந்த உறுதிமொழிகூட, ஒன்றும் தெரியாது என்பதைவிட நமக்கு ஆறுதலாக இருக்கிறது.

மனிதன் எண்களைக்கூட நேராகப் பார்ப்பதில்லை என்று டேனியல் கானமன், ஆமோஸ் திவெர்ஸ்கி என்னும் இரு உளவியலாளர்கள் காட்டினார்கள். 1981-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி வருகிறது. ஒரு நோயால் 600 பேர் இறக்கக்கூடும். ஒரு திட்டத்தால் 200 பேர் உறுதியாகப் பிழைப்பார்கள். மற்றொரு திட்டத்தில் 600 பேரும் பிழைக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒருவர்கூடப் பிழைக்காமற்போக மூன்றில் இரு பங்கு வாய்ப்பு. 72 விழுக்காட்டினர் உறுதியான முதல் திட்டத்தையே தேர்ந்தார்கள். வேறொரு குழுவினரிடம் இதையே மாற்றிக் கேட்டார்கள்: ஒரு திட்டத்தில் 400 பேர் உறுதியாக இறப்பார்கள், மற்றதில் ஒருவரும் இறக்காமலிருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, அனைவரும் இறக்க மூன்றில் இரு பங்கு வாய்ப்பு. இப்போது 78 விழுக்காட்டினர் இரண்டாவதையே தேர்ந்தார்கள். கணக்கு மாறவில்லை, சொல் மட்டுமே மாறியது. இழப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன், அதைத் தவிர்க்க மனிதன் சூதாடவும் துணிகிறான்.

நேயர்களே, இந்த நீண்ட வரலாற்றிலிருந்து பெர்ன்ஸ்டைன் எடுத்துக்கொண்ட சாரம் என்ன? அதற்காக அவர் மீண்டும் பாஸ்கலிடமே போகிறார். கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதைக் கணக்கால் காட்ட முடியாது என்றார் பாஸ்கல். ஆனால், இருக்கிறார் என்று நம்பி நடந்து அது தவறாகப் போனால் என்ன இழப்பு, இல்லையென்று நடந்து அது தவறாகப் போனால் என்ன இழப்பு என்று எண்ணிப் பார்க்கலாம் அல்லவா? பெர்ன்ஸ்டைன் இதைச் சமயத்துக்கு அப்பாலும் பொருந்தும் விதியாகக் கண்டார். முடிவெடுக்கும்போது எது நடக்க வாய்ப்பு அதிகம் என்று கேட்பது பாதிக் கேள்வி. என் எண்ணம் தவறினால் என்ன விளைவு என்பதே மறுபாதி.

குடைக்கே திரும்புவோம். மழைக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று வைத்துக்கொள்வோம். வலுவான இளைஞன் குடையின்றிப் போகலாம், நனைந்தால் துவட்டிக்கொள்வான். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைத் தோளில் சுமந்து போகும் தாய் குடையில்லாமல் போவாளா? வாய்ப்பு இருவருக்கும் ஒன்றுதான், விளைவு ஒன்றல்ல.

இந்த மறுபாதிக் கேள்வியை மறந்தால் மேதைகளும் விழுவார்கள் என்பதை வரலாறு உடனேயே காட்டியது. அமெரிக்காவில் ஒரு முதலீட்டு நிதியத்தில் மெர்ட்டன், ஷோல்ஸ் என்னும் இரு பொருளியலாளர்கள் பங்காளிகளாக இருந்தார்கள். இருவரும் 1997-இல் நோபல் பரிசு பெற்றவர்கள். பழைய விலைகளை வைத்து நுணுக்கமாகக் கணக்கிட்டு, பெருங்கடன் வாங்கி முதலீடு செய்தது அந்த நிதியம். 1998 ஆகஸ்டில் ரஷ்ய அரசாங்கம் தன் கடனைத் திருப்பித் தரத் தவறியது. உலகச் சந்தைகள் கலங்கின. சில மாதங்களில் நான்கு பில்லியன் டாலருக்கும் மேல் அந்த நிதியத்துக்கு நட்டமாயிற்று. பதினான்கு நிதி நிறுவனங்கள் சேர்ந்து ஏறத்தாழ 3.6 பில்லியன் டாலர் போட்டு அதைத் தாங்க வேண்டியதாயிற்று. இப்படி நடக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று அவர்கள் கணக்கிட்டிருந்தார்கள். ஆனால், நடந்துவிட்டால் தாங்குவதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பின், 2008-இல், இதே பிழை உலகளவில் நிகழ்ந்து எண்ணற்ற குடும்பங்களின் வீடுகளையும் வேலைகளையும் கொண்டுபோயிற்று.

அந்த நெருக்கடியையும் பெர்ன்ஸ்டைன் தம் கண்ணாலேயே பார்த்தார். முதுமையிலும் அவர் பேனா ஓயவில்லை. 2000-இல் தங்கத்தின் வரலாற்றையும், 2005-இல் அமெரிக்காவின் ஈரி கால்வாயின் வரலாற்றையும் எழுதினார். 2007-இல், 88 வயதில், முதலீட்டுக் கருத்துகள் பற்றிய தம் பழைய நூலின் தொடர்ச்சியையும் வெளியிட்டார். 2009 ஜூன் மாதத்தில் தமது 90-ஆம் வயதில் மறைந்தார். பெயர் பெற்ற நூல்களை அவர் எழுதியது எழுபது வயதைக் கடந்த பிறகுதான் என்பதை, இனி நமக்கென்ன படிப்பு என்று சலித்துக்கொள்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

அவருடைய நூல்கள் செல்வர்களுக்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிடாதீர்கள். பெர்னூலி சொன்னபடி பார்த்தால், கையில் குறைவாக உள்ளவர்களுக்கே இந்தப் பாடம் அதிகம் தேவை. முப்பது ஆண்டு உழைப்பின் பயனாகச் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. சில மாதங்களில் இருமடங்காக்கித் தருகிறோம் என்று ஒருவர் வீடு தேடி வருகிறார். அவர் நல்லவரா, திட்டம் பலிக்குமா என்றே நாம் விசாரிக்கிறோம். ஒருவேளை பலிக்கவும் கூடும். ஆனால், பலிக்காவிட்டால் அடுத்த மாதம் அடுப்பு எரியுமா என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்? அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருந்தால் துணிந்து இறங்கலாம். பதில் இல்லையென்றால், வாய்ப்பு எவ்வளவு பெரிதாகத் தோன்றினாலும் விலகி நிற்பதே அறிவுடைமை.

நாளை என்ன நடக்கும் என்று சொல்ல எவராலும் இயலாது. எது நடந்தாலும் எழுந்து நிற்கும்படி இன்றைய முடிவை அமைத்துக்கொள்ள எல்லாராலும் இயலும். எண்ணூறு ஆண்டுக் கணக்கு வரலாற்றிலிருந்து பீட்டர் பெர்ன்ஸ்டைன் நமக்குத் தேடித் தந்த செல்வம் இதுவே.